17-ஐ மறந்துவிடு!

உங்கள் நண்பரைக் கூப்பிட்டு, 0 முதல் 29 வரை ஏதாவது ஓர் எண்ணை மனசுக்குள் நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எண்ணை அவர் வெளியே சொல்ல வேண்டாம். அதை 2-ஆல் வகுத்தால் என்ன மீதி, 3-ஆல் வகுத்தால் என்ன மீதி, 5-ஆல் வகுத்தால் என்ன மீதி, இந்த மூன்றை மட்டும் சொன்னால் போதும்.

முதல் மீதியை 15-ஆல் பெருக்குங்கள். இரண்டாவதை 10-ஆல், மூன்றாவதை 6-ஆல். மூன்றையும் கூட்டி 30-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அவர் நினைத்த எண்.

அவர் 17 நினைத்திருந்தால் மீதிகள் 1, 2, 2. நீங்கள் போடும் கணக்கு 15 + 20 + 12 = 47. அதில் 30 போனால் 17. மந்திரம் ஒன்றுமில்லை. 15 என்ற எண் 3-ஆலும் 5-ஆலும் மீதியில்லாமல் வகுபடும். 2-ஆல் வகுத்தால் மட்டும் 1 மிஞ்சும். அதனால் அது மற்ற இரண்டு மீதிகளையும் தொந்தரவு செய்யாது. 10-க்கும் 6-க்கும் இதே குணம் உண்டா என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். இந்த வகைக் கணக்கு மிகப் பழையது. சீனாவின் பழைய கணித நூல் ஒன்றில் இருக்கிறது. ஆரியபட்டர் கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய நூலிலும் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அந்த வழியைக் ‘குட்டகம்’ என்று அழைத்தார்கள்.

இப்போது நண்பர் குறும்பு செய்கிறார். ஒவ்வொரு கேள்விக்கும் எண்ணை மாற்றிவிடுகிறார். முதல் கேள்விக்கு 17, இரண்டாவதுக்கு 8, மூன்றாவதுக்கு 21. சொல்லும் மீதிகள் 1, 2, 1. நீங்கள் கூட்டினால் 41. அதில் 30 போனால் 11. அவர் 11-ஐ நினைக்கவே இல்லை! மூன்று பதிலில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனாலும் உங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதே ஆட்டம் இணையத்திலும் நடக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அங்கே எண்ணை நினைத்துக்கொள்வது சர்வர். மீதி கேட்பது திருடன்.

முதலில் சர்வர் எதற்காக ஓர் எண்ணை நினைக்கிறது என்று பார்ப்போம். கயல் தன் போனில் ஓர் இணையதளத்தைத் திறக்கிறாள். முகவரி ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்று தொடங்குகிறது. அவளுடைய போனும் எங்கோ தொலைவில் இருக்கும் சர்வரும் அதற்கு முன் சந்தித்ததே இல்லை. இருந்தும் ஒரு நொடிக்குள் இரண்டுக்கும் பொதுவாக ஒரு ரகசிய எண் கிடைத்துவிடுகிறது. அந்த எண்தான் சாவி. பாஸ்வேர்டு, படம், அரட்டை எல்லாம் அந்தச் சாவியால் பூட்டப்பட்டுத்தான் போகின்றன. போனும் சர்வரும் பேசிக்கொள்வதை ஒருவர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒட்டுக்கேட்டாலும் சாவி அவருக்குக் கிடைக்காது என்பதுதான் இதில் வியப்பு.

இது எப்படி முடியும்? 1976-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் ஒரு கட்டுரையில் வழி சொன்னார்கள். ரால்ஃப் மெர்க்கிள் என்ற மாணவரும் தனியாக இதே திசையில் யோசித்துக்கொண்டிருந்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரிட்டனின் ஒற்றறியும் துறையில் வேலை பார்த்த மால்கம் வில்லியம்சன் என்பவர் இதே வழியை 1974-லேயே கண்டுபிடித்துவிட்டார். வேலை ஒற்றுத்துறையில் ஆயிற்றே! வெளியே வாய் திறக்க முடியவில்லை. 1997-இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

சின்ன எண்களை வைத்து அந்த வழியைச் செய்து பார்க்கலாம். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

31, 3 என்று இரண்டு எண்கள். இவை ரகசியமே இல்லை, ஊருக்கே தெரியும். சர்வர் தனக்குள் 17 என்று நினைத்துக்கொள்கிறது. 3-ஐ 17 முறை பெருக்குகிறது, அதாவது 3¹⁷. விடை 12,91,40,163. அதை 31-ஆல் வகுத்தால் மீதி 22. இவ்வளவு பெரிய எண்ணை எழுத வேண்டியதுகூட இல்லை. ஒவ்வொரு தடவை 3-ஆல் பெருக்கியதும் 31-களைக் கழித்துவிடலாம். 3, 9, 27, 19, 26, 16, 17, 20 என்று போய்க்கொண்டே இருந்தால் பதினேழாவது இடத்தில் 22 வரும். இந்த 22-ஐச் சர்வர் வெளிப்படையாகச் சொல்லிவிடும்.

கயலின் போன் 8 என்று நினைக்கிறது. 3⁸-ஐ 31-ஆல் வகுத்தால் மீதி 20. போன் இந்த 20-ஐ வெளிப்படையாக அனுப்புகிறது.

அடுத்து, போன் தனக்கு வந்த 22-ஐ எடுத்துத் தன் ரகசிய அடுக்கான 8-க்கு உயர்த்துகிறது. 22-இன் வர்க்கத்தை 31-ஆல் வகுத்தால் மீதி 19. 19-இன் வர்க்கத்துக்கு 20. 20-இன் வர்க்கத்துக்கு 28. சர்வரோ தனக்கு வந்த 20-ஐ 17-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 31-ஆல் வகுக்கிறது. அதற்கும் 28. இருவரும் செய்திருப்பது 3-ஐ 8 × 17 தடவை பெருக்கியதுதான்; எதை முதலில் பெருக்கினால் என்ன? 28 என்பதுதான் சாவி. அது ஒரு தடவைகூட வெளியே சொல்லப்படவில்லை.

ஒட்டுக்கேட்டவரிடம் 31, 3, 22, 20 எல்லாம் இருக்கின்றன. 22-இலிருந்து பின்னோக்கிப் போய் 17-ஐப் பிடிக்க வேண்டும். நம் குட்டிக் கணக்கில் முப்பது தடவை முயன்றால் பிடித்துவிடலாம். நிஜத்தில் 31-க்குப் பதிலாக இருப்பது 617 இலக்கம் கொண்ட எண். அதை நன்றாகத் தேர்ந்தெடுத்திருந்தால், இன்றைய கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் பின்னோக்கிப் போக முடியாது.

சரி, 28 கிடைத்தாயிற்று. இனி அந்த 17-ஐ என்ன செய்வது?

தூக்கிப் போடலாம். கயலுக்கு அடுத்து வேறொருவர் வந்தால் சர்வர் புதிதாக ஓர் எண்ணை நினைக்கும். அல்லது 17-ஐயே வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் அதற்கடுத்தவருக்கும் பயன்படுத்தலாம். கணக்கு எப்படியும் சரியாகத்தான் வரும். வைத்துக்கொள்வதில் ஒரு லாபமும் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் சர்வர் இரண்டு பெரிய அடுக்குக் கணக்கு போட வேண்டும்: 22-ஐ உண்டாக்க ஒன்று, 28-ஐ உண்டாக்க ஒன்று. 17 மாறாவிட்டால் 22-ம் மாறாது. பாதி வேலை மிச்சம். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து போகும் இடத்தில் இது சின்ன மிச்சம் இல்லை. அதனால் நல்ல நல்ல நிரலாளர்களே 17-ஐ வைத்துக்கொண்டார்கள்.

திருடன் இங்கேதான் நுழைகிறான். ஒட்டுக்கேட்பது வீண் என்று அவனுக்குத் தெரியும். அதனால் கயலைப் போலவே அவனும் ஒரு வாடிக்கையாளராக வாசலுக்கு வருகிறான். சர்வர் 22 என்கிறது. அவன் எந்த எண்ணையும் நினைக்காமல், 30 என்று அனுப்புகிறான்.

30-இன் அடுக்குகளை 31-ஆல் வகுத்துப் பாருங்கள். 30-க்கு மீதி 30. 30 × 30 = 900, மீதி 1. அடுத்தது மறுபடி 30, பிறகு மறுபடி 1. இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் வராது! சர்வர் தெரியாத்தனமாக 30-ஐ 17-ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறது. 17 ஒற்றைப்படை, எனவே சாவி 30. திருடன் “சாவி 30 ஆக இருக்குமோ” என்று ஊகித்து ஒரு செய்தியைப் பூட்டி அனுப்புகிறான். சர்வர் அதைத் திறக்க முடிந்து தலையாட்டினால் ரகசிய எண் ஒற்றைப்படை. திறக்க முடியாமல் இணைப்பைத் துண்டித்தால் இரட்டைப்படை. இரண்டில் எது நடந்தாலும் அவனுக்குச் சேதி கிடைத்துவிடுகிறது. 2-ஆல் வகுத்தால் வரும் மீதி அது.

மறுபடி வருகிறான். இந்தத் தடவை 5-ஐ அனுப்புகிறான். 5-இன் அடுக்குகள் 5, 25, 1, பிறகு மறுபடி 5, 25, 1 என்று மூன்றுக்குள்ளேயே சுற்றும். 17-ஆம் அடுக்கு 25-இல் வந்து நிற்கும். ஊகித்துப் பார்க்க மூன்றே சாவி. இரண்டாவது இடம் என்று தெரிந்ததும், 3-ஆல் வகுத்தால் மீதி 2 என்று எழுதிக்கொள்கிறான். அடுத்து 2-ஐ அனுப்புகிறான். அதன் அடுக்குகள் 2, 4, 8, 16, 1 என்று ஐந்துக்குள் சுற்றும். சாவி 4. ஆக, 5-ஆல் வகுத்தால் மீதி 2.

1, 2, 2. பதினைந்தால் பெருக்கு, பத்தால் பெருக்கு, ஆறால் பெருக்கு. 47. சர்வரின் ரகசியம் 17!

17 கையில் கிடைத்துவிட்டால் கயலின் 28-ஐயும் போட்டுப் பார்த்துவிடலாம். 17-ஐ வைத்துச் சர்வர் இதுவரை பேசிய எல்லாருடைய சாவியையும் போடலாம்.

முப்பது எண்ணுக்கு இவ்வளவு பாடா என்று நினைக்காதீர்கள். கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29 என்ற பத்துப் பகா எண்களையும் பெருக்கினால் 646 கோடிக்கு மேல் வரும். உங்கள் நண்பர் அவ்வளவு எண்களுக்குள் ஒன்றை நினைத்தாலும், பத்து மீதிகள் தெரிந்தால் எண் சிக்கிவிடும். ஒவ்வொரு மீதியையும் குருட்டாம்போக்கில் ஊகித்தால்கூட மொத்த ஊகம் 129-ஐத் தாண்டாது, ஏனென்றால் 2 + 3 + 5 + … + 29 = 129. பெருக்கலாக நின்ற மலை கூட்டலாக இறங்கிவிடுகிறது. இந்தத் தாக்குதலை 1997-இல் தென்கொரியாவைச் சேர்ந்த லிம், லீ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் விளக்கி எழுதினார்கள்.

திருடனின் ஒவ்வொரு தட்டலும் ஒரு தனி இணைப்பு என்பதைக் கவனித்தீர்களா? சர்வர் ஒவ்வொரு இணைப்புக்கும் எண்ணை மாற்றியிருந்தால் அவன் கதி என்ன? குறும்புக்கார நண்பரிடம் 11 என்று சொல்லி விழித்த உங்கள் கதிதான்.

எல்லாம் தெரிந்தும் பத்தொன்பது ஆண்டு கழித்து இது மறுபடி முளைத்தது. ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ என்பது உலகின் ஏராளமான சர்வர்கள் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் பயன்படுத்தும் இலவச மென்பொருள். 2016 ஜனவரியில், அடோபி நிறுவனத்தில் வேலை செய்த அன்டோனியோ சான்சோ அதன் 1.0.2 பதிப்பில் இதே ஓட்டையைக் காட்டினார். சர்வர் ஓடத் தொடங்கும்போது நினைத்த எண்ணை, அதை நிறுத்தும்வரை திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது அந்த மென்பொருளின் இயல்பான வழக்கமாக இருந்தது. ஒரு சர்வர் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும்! ஒவ்வொரு முறையும் புது எண் வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு விருப்பத் தேர்வை இயக்க வேண்டும். பல நிரல்கள் இயக்கியிருந்தன, சில இயக்கவில்லை. இதற்கிடையில் புதிதாக வேறு வகைப் பெரிய பகா எண்களுக்கும் அந்தப் பதிப்பில் இடம் கொடுத்திருந்தார்கள். அவற்றிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் எண்ணுக்கு, நம் 30-ஐப் போலவே, சின்னச் சின்னக் காரணிகள் இருந்தன. வாசலில் வந்து நிற்பவர் தருவது ஒழுங்கான எண்தானா என்று சோதித்திருந்தாலும் தப்பித்திருக்கலாம். அந்தச் சோதனையும் இல்லை.

தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய தப்பாகத் தெரியாது. மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்ததுதான் வினை. ஜனவரி 28-ஆம் தேதி திருத்திய பதிப்பு வந்தது. அதிலிருந்து அந்தத் தேர்வு எப்போதும் இயங்கும்படி செய்துவிட்டார்கள். புது எண்தான், வேறு பேச்சில்லை. என்னைக் கேட்டால் அது முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம். பாதுகாப்பை ‘வேண்டுமானால் இயக்கிக்கொள்’ என்று விட்டால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள்.

சின்னக் காரணிகளே இல்லாத பகா எண்ணைத் தேர்ந்தெடுக்கலாமே என்று உங்களில் ஒருவராவது கேட்டிருப்பீர்கள். கேட்டிருந்தால் சபாஷ்! 23-ஐ எடுங்கள். 1 போனால் 22, அதாவது 2 × 11. 11-ம் பகா எண். பெரிய அளவில் இப்படி ஓர் எண்ணை எடுத்தால், ஒற்றையா இரட்டையா என்ற ஒரு துளியைத் தவிர எதுவும் கசியாது. இரட்டித்து 1 கூட்டினால் மறுபடி பகா எண் தரும் 11-ஐப் போன்ற எண்களுக்குச் சோஃபி ஜெர்மைன் பகா எண்கள் என்று பெயர். சோஃபி 1776-இல் பாரிஸில் பிறந்தவர். பெண் என்பதால் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளவில்லை. லெப்லாங்க் என்ற ஆண் பெயரில் பெரிய கணித மேதைகளுக்குக் கடிதம் எழுதினார். பாடம் சொன்ன லக்ராஞ்சும் கடிதம் எழுதிய காஸும் உண்மை தெரிந்தபோது அசந்துபோனார்கள்.

அப்படிப்பட்ட நல்ல பகா எண்ணை வைத்துக்கொண்டால் 17-ஐ மறக்காமல் இருக்கலாமா? கூடாது. 2020 செப்டம்பரில் ‘ரக்கூன்’ என்று பெயரிட்ட இன்னொரு தாக்குதல் வெளியானது. பழைய முறையில், சாவி எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தப் பூஜ்யத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் அடுத்த கணக்குக்கு அனுப்புவார்கள். எண் கொஞ்சம் குட்டையானதும் கணக்கு மிக மிகச் சிறிய அளவு வேகமாக முடிந்துவிடும். அந்த நேர வித்தியாசத்தை அளந்தால், சாவியின் முதல் இலக்கங்கள் பூஜ்யம் என்று தெரியும். ஒரு தடவை தெரிந்து ஒன்றும் ஆகாது. சர்வர் ஒரே ரகசியத்தை வைத்திருந்தால் மட்டும், பல தடவை அளந்து, துளித் துளியாகச் சேர்த்து, முன்பு பதிவு செய்து வைத்த ஒருவருடைய சாவியைப் பிடிக்கலாம். செய்வது கடினம்தான், கண்டுபிடித்தவர்களே அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

இன்னொரு வகைத் திருடன் இருக்கிறான். கேள்வியும் கேட்பதில்லை, நேரமும் அளப்பதில்லை. பூட்டிய செய்திகளை அப்படியே பதிவு செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். ஐந்து வருடம் கழித்து அந்தச் சர்வரே அவன் கைக்கு வரலாம். அதற்குள் 17 இருந்தால் ஐந்து வருடப் பேச்சும் திறந்துகொள்ளும். 17-ஐக் கயல் போனதுமே அழித்திருந்தால் திருடுவதற்கே ஒன்றும் இல்லை. இதனால்தான் 2018 ஆகஸ்டில் வெளியான, போனும் சர்வரும் சாவி உண்டாக்கப் பின்பற்றும் டி.எல்.எஸ். 1.3 என்ற விதிமுறை, சர்வர் தன் நிரந்தர ரகசியத்தை வைத்துச் சாவி உண்டாக்கும் பழைய வழிகளை நீக்கிவிட்டது. வாட்ஸ்அப் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு செய்திக்கும் தனிச் சாவி வைத்துப் பூட்டுகிறது.

சாவி உண்டாக்குவதில் மட்டும் இந்த வம்பு இல்லை. ஒரு மென்பொருள் இன்னாரிடமிருந்துதான் வந்தது என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையெழுத்தைப் போடும்போதும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ரகசிய எண் வேண்டும். பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவியில் சோனி நிறுவனம் எல்லாக் கையெழுத்துக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருந்தது. 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் ‘ஃபெயில் ஓவர்ஃப்ளோ’ என்ற குழு இதை மேடையில் காட்டியது. இரண்டு கையெழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் அந்த எண் விழுகிறது. அதை வைத்துச் சோனியின் நிரந்தர ரகசியமும் விழுகிறது. பள்ளிக்கூட இயற்கணிதம்தான்.

ஒரு சர்வர் எண்ணை மாற்றுகிறதா, இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதன் ரகசியம் தெரிய வேண்டியதில்லை. இரண்டு தடவை போய்க் கேட்டு, வெளியே சொல்லும் எண்ணை மட்டும் பாருங்கள். இரண்டு தடவையும் 22 என்றால் உள்ளே இருப்பது அதே 17. ஆராய்ச்சியாளர்கள் இப்படித்தான் இணையம் முழுக்கச் சர்வர்களை வரிசையாகத் தட்டி, எவையெல்லாம் பழைய எண்ணையே சொல்கின்றன என்று கணக்கெடுக்கிறார்கள்.

உங்களுக்கும் ஒரு சர்வர் தருகிறேன். ஊருக்குத் தெரிந்த எண்கள் 43, 3. எத்தனை தடவை போனாலும் அது வெளியே சொல்லும் எண் 15. அதனிடம் 42-ஐ அனுப்பினால் சாவி 1. 6-ஐ அனுப்பினால் சாவி 36. 4-ஐ அனுப்பினால் சாவி 35. 42 = 2 × 3 × 7 என்பது துப்பு. 15, 10, 6 இங்கே உதவாது. அவற்றுக்குப் பதிலாக வேறு மூன்று எண்களை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். கிடைத்த விடை சரிதானா என்று பார்க்க, 3-ஐ அத்தனை தடவை பெருக்கி 43-ஆல் வகுங்கள். மீதி 15 வந்தால் சர்வர் மாட்டிக்கொண்டது.